மணியக்காரர் வீட்டுக்கு வந்த தோப்பு

முதலில் ஏரித் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். மதகின் சாவி மணியக்காரர் வீட்டு ஆணியில் போய்த் தொங்கியது. இரண்டாவதாகக் கூலி நெல் அளக்கிற மரக்காலுக்குள் இன்னொரு பலகையை வைத்துத் தைத்தார்கள். வெளியே பார்த்தால் அதே மரக்கால், உள்ளே பாதி வயிறு. மூன்றாவதாக ஏரிக்கரைப் புறம்போக்கில் யாரும் நடாமல் தானே வளர்ந்த இலுப்பைத் தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டு, கொட்டை பொறுக்கப் போன பெண்களின் கூடைகளை மிதித்து உடைத்தார்கள். நான்காவதாக விவசாயக் கூலிகள் சங்கத்தின் கொட்டகைக்கு நெருப்பு வைத்தார்கள். அடுப்புப் பொறி பறந்து பற்றியது என்று எழுதிக்கொண்டு போன போலீஸ்காரர், மணியக்காரர் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டே அதை எழுதினார். ஐந்தாவதாகத் தாண்டவராயனை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வரிசை மாறினால் ஏகாம்பரத்துக்குப் பொறுக்காது. இலந்தமந்தல் டீக்கடையில் யாராவது மரக்காலை முன்னால் சொல்லித் தண்ணீரைப் பின்னால் சொன்னால், "தண்ணியப் புடுங்கினதாலதான்டா மரக்கால்ல கை வச்சான், தண்ணி இருந்திருந்தா நீ எதுக்குடா அவன் களத்துக்குப் போற?" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவார். சங்கத்தின் துண்டறிக்கைகளை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்த மனிதர் அவர். ஆகவே உலகத்தில் எழுதப்பட்டதெல்லாம் ஒன்று கோரிக்கையாக இருக்கும், இல்லையென்றால் கண்டனமாக இருக்கும் என்று நம்பினார். அவருடைய கூட்டங்களுக்கு வந்தவர்கள் வருஷா வருஷம் குறைந்து, கடைசியில் அவரும் ஒரு சைக்கிளும் ஒலிபெருக்கிக்காரனும் மட்டும் மிஞ்சினார்கள். ஒலிபெருக்கிக்காரனும் வெற்றிலை வாங்கப் போய்விடுவான்.

தாண்டவராயன் சங்கத்தின் தலைவனாக இருந்தவன். தோப்பு வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு சாயங்காலம் கிளம்பியவன் வரவில்லை. அடுத்த நாளே மணியக்காரரின் பண்ணையாள் ஒருவன், தாண்டவராயன் வேறொருத்தியோடு பெங்களூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன் என்றான். பிறகு இன்னொருவன் பார்த்ததாகச் சொன்னான். பிறகு ஊரே பார்த்திருந்தது. அவன் மனைவி எல்லம்மாளுக்கு அன்றிலிருந்து 'பெங்களூரான் பொண்டாட்டி' என்று பெயர்; கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டும் வைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் அழைக்கவும் முடியாமல் விலக்கவும் முடியாமல் ஊர் அவளை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்தது. அவன் ஓடவில்லை, கொன்றுவிட்டார்கள் என்று சொன்னது ஏகாம்பரம் ஒருவர்தான். அதை ஒரே ஒரு சர்க்கார் காகிதத்திலாவது ஏற்றிவிட்டுத்தான் சாவேன் என்று அவர் சொல்லிச் சொல்லி, ஊரில் அது அவருக்கு வந்த இருமலைப் போல எல்லோருக்கும் பழகிப்போனது.

மணியக்காரர் என்ற பதவியைச் சர்க்கார் ஒழித்து வெகுகாலமாகியும் ஜெகநாதன் மணியக்காரராகவே கிழவரானார். அவருடைய மாடி வீட்டைத்தான் சென்னையிலிருந்து வந்த சினிமாக்காரர்கள் அரண்மனையாக எடுத்துக்கொண்டார்கள். டைரக்டர் நிரஞ்சன் மெலிந்த பையன், யாரைப் பார்த்தாலும் கையைக் குவித்துக் கும்பிடுகிறவன். டீக்கடையில் ஏகாம்பரம் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா கத சார் எடுக்கறீங்க?"

"ஒரு தளபதி சார். அவன் வீட்டுக்கு ராஜா விருந்தாளியா வர்றாரு. தூங்குறப்போ அவரைக் கொன்னுட்டு இவன் ராஜாவாயிடுறான். பொண்டாட்டிதான் தூண்டிவிடுறா. காடு எழுந்து நடந்து உன் கோட்டைக்கு வர்ற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு குறி சொல்லிடுறாங்க. காடு எங்க நடக்கப் போகுதுன்னு இவன் தைரியமா இருக்கான்."

"யாரு எழுதினது?"

"ஒரு இங்கிலீஷ்காரர். நானூறு வருஷம் ஆச்சு."

"நானூறு வருசமா? எங்க மணியக்காரரப் பாத்து போன வாரம் எழுதினதுன்னு இல்ல நெனச்சேன்."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் மட்டும், "எண்ணா, டீ குடிச்சாச்சுன்னா கெளம்பு," என்றார் மெதுவாக.

இந்தக் கதையை ஜப்பானில் ஒருவர் என்றைக்கோ எடுத்துவிட்டார் என்று நிரஞ்சன் சொன்னான். அவர்கள் ஊரில் பழைய மேடைக்கூத்து ஒன்று உண்டு. முகமூடி போட்டுக்கொண்டு, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். அழுகையைக் கூட முகத்துக்கு முன்னால் கையை ஒரு சாண் உயர்த்திக் காட்டி முடித்துவிடுவார்கள். அந்த நடையையும் அந்த அசையாத முகத்தையும் எடுத்து அவர் இங்கிலீஷ் கதைக்குள் வைத்தார். வைத்ததும் கதை ஜப்பான்காரர்களுடையது ஆகிவிட்டது. கல்லூரியில் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை என்றான். நம்மிடம் தெருக்கூத்து இருக்கும்போது நாம் ஏன் செய்யக் கூடாது என்றான். "வேஷம் கட்டின உடனே மனுஷன் வேற ஆளாயிடுறான் சார். அந்தப் பயம் சாதாரண நடிப்புல வராது."

"பயம்தான் வேணும்னா இங்க நெறயக் கீது," என்றார் ஏகாம்பரம்.

பக்கத்து ஊர்க் கூத்து ஜமா வந்து இறங்கியது. கட்டைக் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் கட்டி, முகத்தில் சிவப்பு எழுதித் தளபதி ஆடினான். அவன் மனைவியாகப் பெண் வேஷக்காரர் ஒருவர் ராஜாவைக் கொல்லச் சொல்லிப் பாடியபோது, வேடிக்கை பார்த்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மணியக்காரர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் படுக்கையறையில் ராஜா திரும்பத் திரும்பக் கொல்லப்படுவதைப் பார்த்தார். ஒருமுறை, "செத்தவன் காலு அப்பிடி வெரப்பா நிக்காது தம்பி, ஒருபக்கமா தொங்கிடும்," என்று திருத்தியும் கொடுத்தார். நல்ல கவனிப்பு ஐயா என்று நிரஞ்சன் பாராட்டினான். அந்தப் பாராட்டை மணியக்காரர் வீட்டு வேலைக்காரி மூலமாகக் கேள்விப்பட்ட ஏகாம்பரம், அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைசியில் காடு நடக்கிற காட்சி வந்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பெரிய கிளையை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடக்க வேண்டும். இங்கிலீஷ் கதையிலும் அப்படித்தான். பங்குனி மாதம், இலுப்பைத் தோப்பு பூத்துக் கிடந்தது. ஏகாம்பரம் போய் வேலிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "இது ஊர் மரம். சர்க்கார் மரம். பூத்த மரத்துல எவன் அருவாள வைக்கிறானோ அவன் என் மேல வச்சிட்டு வைக்கட்டும்."

ஆச்சரியம், ஊர் அவர் பேச்சைக் கேட்டது. அது அவருக்காக இல்லை, பூவை வெட்டினால் ஆனியில் கொட்டை ஏது என்று பெண்கள் புருஷன்மார்களைத் தடுத்ததால்தான். ஆனாலும் எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த வெற்றி என்பதால் ஏகாம்பரம் அதன் காரணத்தைக் கிளறவில்லை. நிரஞ்சன் தலையில் கையை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

ஜமாவின் கட்டியங்காரன் வேடியப்பன்தான் அப்போது வாயைத் திறந்தான். கட்டியங்காரன் என்பவன் கூத்தில் கோமாளி, ஆனால் அவன் அழைக்காமல் எந்த ராஜாவும் சபைக்குள் வர முடியாது. "கூத்துல நாங்க எதையும் தூக்கிக்கினு வர்றதில்ல சார். ரெண்டு ஆளு திரை புடிப்பான், நான் கூப்புடுவேன். கூப்புட்டா வந்துதான் ஆவணும், வந்தது பாட்டு முடியாம போவக் கூடாது. இதான் முறை. காடும் ஒரு வேஷந்தானே?"

நிரஞ்சனுக்கு அது பிடித்துவிட்டது. வெறும் திரையை வைத்தே காட்டைக் காட்டிவிடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டான். வெயில் சாயும் நேரத்தில் இரண்டு பேர் தோப்புக்கு முன்னால் சிவப்புத் திரையைப் பிடித்தார்கள். முகவீணை எழுந்தது, மிருதங்கம் சேர்ந்தது. வேடியப்பன் கோமாளிக் குல்லாயைச் சரிசெய்துகொண்டு, சபை கூடியிருக்குது, தாளம் கூடியிருக்குது, தயங்காமல் வெளியே வரலாம் என்று தோப்பைப் பார்த்து அழைத்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதமாக அழைப்பதுதான், நிஜமாக அழைப்பது.

தோப்பு வந்தது.

சேற்று வயலில் இறங்குகிற பெண் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொள்வது போல வேர்களைத் தூக்கிக்கொண்டு, முதலில் வேலியோரத்து இளமரம், அதன் பின்னால் அதைவிட மூத்தது, அதன் பின்னால் நடுத்தோப்பின் கிழமரங்கள், பூவை உதிர்த்துக்கொண்டு, வௌவால்களைச் சுமந்துகொண்டு, நாற்று நட்ட வயலில் கால் வைக்காமல் வரப்போடு வரப்பாக ஒதுங்கி நடந்தன. தார் ரோட்டை அடைந்தபோது டவுன் பஸ் வந்தது, மரங்கள் நின்றன, பஸ் போனது, கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ரெட்டை விசில் கொடுத்தார். வேஷம் சபையை அடைகிற வரைக்கும் வாசிப்பை நிறுத்தக் கூடாது என்பதால் முகவீணைக்காரர் கன்னம் வலிக்க வாசித்துக்கொண்டே பின்னால் போனார். மணியக்காரர் வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிவிட்டு, சன்னலோடு சன்னலாக, கதவோடு கதவாக நெருங்கி நின்று, எல்லாம் வேரை இறக்கிக்கொண்டன.

"கட்," என்றான் நிரஞ்சன்.

காமிராக்காரர் வெளிச்சம் கொஞ்சம் குறைவு, இன்னொரு தடவை எடுக்க முடியுமா என்று கேட்டார். "வந்து நிக்கற வேஷத்த ரெண்டாவது தரம் கூப்புடறது மரியாத இல்ல," என்று வேடியப்பன் மறுத்துவிட்டான். படம் பிற்பாடு வெளிநாட்டுக்கெல்லாம் போனது. பார்த்தவர்கள் கூத்து நன்றாக இருக்கிறது, மரம் நடக்கிற கிராபிக்ஸ்தான் சுமார் என்றார்கள். வீடு கொடுத்து உதவிய மணியக்காரருக்குப் படத்தின் தொடக்கத்தில் நன்றி போட்டிருந்தார்கள். ஏகாம்பரம் அதை ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

ஊர் தோப்பை ஏற்றுக்கொண்டது, வழி மாறிய ஓடையை ஏற்றுக்கொள்வது போல. ஆடுகள் முதல் நாளே பழகிவிட்டன. மணியக்காரர் வீட்டருகே டவுன் பஸ் நிற்கிற 'மில் ஸ்டாப்' என்பது 'தோப்பு வீடு' ஆனது. மணியக்காரரின் மகன் சென்னையிலிருந்து போனில் கத்தி மரம் வெட்ட ஆள் அனுப்பினான். வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, அழைத்து வந்த வேஷத்தை அதன் பாட்டு முடியாமல் வெட்டுகிற வழக்கம் இல்லை என்று சொல்லி, நிழலில் தூங்கிவிட்டுப் போனார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார். "மரமெல்லாம் ஏரிக்கரை சர்வே நம்பர்ல கீது. கணக்குப்படி இங்க மரமே இல்ல. இல்லாத மரத்த வெட்ட நான் எப்பிடி எளுதறது?" அவருடைய மேலதிகாரிக்கும் இதே சங்கடம் வந்தது, அவருக்கும் மேலே இருந்தவருக்கும் வந்தது.

வீட்டுக்குள் பகலிலும் விளக்கு எரிந்தது. இலுப்பைப் பூவின் வாசனையும் வௌவால் நாற்றமும் அறை அறையாக நிரம்பின. மணியக்காரர் மாடியிலிருந்து இறங்குவதை விட்டுவிட்டார். சில நாள் அவர் முகம் சன்னலில் இலைகளுக்கு நடுவே தெரியும், பிறகு தெரியாது.

ஆனியில் கொட்டை விழுந்தது. சர்க்கார் மரம், வேலி இல்லை, சுவரும் இல்லை. குள்ளம்மா என்கிறவள்தான் முதலில் கூடையோடு போனாள். முதல் நாள் பெண்கள் மூச்சு விடாமல் பொறுக்கினார்கள். பிறகு கிசுகிசுத்தார்கள். பிறகு சத்தமாகப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து மணியக்காரர் வாசலில் காலை நீட்டிச் சாப்பிட்டார்கள்.

"யாருடி அங்க?" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

"நாங்கதான் பெரியவரே, நீங்க படுங்க," என்பாள் குள்ளம்மா, மெல்லுவதை நிறுத்தாமல்.

ஏகாம்பரம் அந்தப் பக்கமே போகவில்லை. "மரம் நடந்துதாம். வாயப் பொளந்துக்கினு நிக்கறாங்க. நடங்கடா, நடங்கடான்னு நான் நாக்கு தேயக் கத்தினேனே, ஒருத்தன் நடந்தானா? இந்த ஊரு மரத்துக்கு எறங்கும், மனுசனுக்கு எறங்காது." அவர் கணக்கு வேறு. தோப்பு போன இடம் காலியாகக் கிடந்தது. வீடில்லாதவர்களுக்கு அதை மனையாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒரு காலையில் கொடிக்கம்பும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லம்மாள் மாட்டுக்குப் புல் அறுக்கக் கூடவே வந்தாள்.

மரங்கள் எழுந்து போன குழிகள் வாய் திறந்து கிடந்தன. நடுத்தோப்பின் மூத்த மரம் நின்ற குழிதான் எல்லாவற்றிலும் ஆழம். அதன் அடியில் எலும்புகள் இருந்தன. சிதறவில்லை, வேர் வெகுகாலம் மடியில் வைத்திருந்து பத்திரமாக இறக்கிவிட்டுப் போனது போல ஒழுங்காக, தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை, கால் இருக்க வேண்டிய இடத்தில் கால். எல்லம்மாள் குழிக்குள் இறங்கினாள். வலது முன்கை எலும்பைத் தொட்டாள். நடுவில் அது வளைந்து, முடிச்சு விழுந்தது போலத் தடித்திருந்தது.

"போலீஸ்காரன் அடிச்சி ஒடச்ச கை," என்றாள். "கோணலா சேந்துச்சு. இந்தக் கையாலதான் எனக்குத் தாலி கட்டினாரு. முடிச்சு சரியா வராம, மூணாவது முடிச்ச அவுங்க அக்கா போட்டாங்க." எலும்பின் முடிச்சை விரலால் தடவியபடி, "பெங்களூரு ரொம்பத் தூரமில்ல போலக்கீதுண்ணா," என்றாள்.

போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். விசாரணை அந்த இடத்திலேயே நடக்க வேண்டும், ஆனால் தோப்பு போன நிலத்தில் தலையைச் சாய்க்க நிழல் இல்லை. ஆனி வெயில் மண்டையைப் பிளந்தது. எலும்புகளை வெள்ளைத் துணியில் எடுத்துக்கொண்டு, ஊரில் நிழல் இருந்த ஒரே இடத்துக்கு நாற்காலிகளைக் கொண்டுபோனார்கள். மணியக்காரர் வீட்டு வாசலில், இலுப்பை மரங்களுக்குக் கீழே, தாசில்தார் அம்மா உட்கார்ந்தார்.

"அடையாளம் தெரியாத ஆண்னு போட்டுடலாம் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ரொம்பப் பழைய எலும்பு. யார் வந்து சொல்லப்போறா?"

ஏகாம்பரம் எழுந்தார். இந்த நாளுக்காக வாழ்நாள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்த பேச்சு அது. "முதல்ல ஏரித் தண்ணி..." என்று ஆரம்பித்து மரக்காலுக்கு வருவதற்குள் தாசில்தார் கையை உயர்த்தினார்.

"ஐயா, நீங்க சங்கத்துக்காரர். உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் விரோதம்னு இவங்க எழுதிடுவாங்க. நீங்க சொன்னா நிக்காது. ஊர்க்காரங்க சொல்லணும், விசாரணைப் பஞ்சாயத்தாரா கையெழுத்துப் போடணும். அப்பத்தான் பேர் ஏறும்."

ஏகாம்பரம் ஊரைத் திரும்பிப் பார்த்தார். டீக்கடைக்காரர் இருந்தார், பண்ணையாள்களின் பிள்ளைகள் இருந்தார்கள், பஸ்ஸில் பார்த்தேன் என்று சொன்னவனின் தம்பி இருந்தான். தலைகள் குனிந்திருந்தன. இந்தக் குனிவு அவருக்குத் தெரியும், இதைப் பார்த்துத்தான் அவர் கசந்துபோனார். மேலே சன்னலில் ஒரு முகம் வந்து நின்றது.

"எளுதிக்குங்கம்மா," என்றாள் குள்ளம்மா. அவள் எழுந்திருக்கவில்லை, மடியில் கொட்டையை வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். "அது தாண்டவராயந்தான். அந்தக் கையி ஊருக்கே தெரியும். அன்னிக்கி தோப்புக்குப் போனவரு திரும்பல. பஸ்ஸும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. எங்க கைநாட்டு வைக்கணும்?"

"ஏ குள்ளம்மா, மேல கீறாரு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"கீட்டும். தெனிக்கும்தான் கீறாரு. நா அவரு வாசல்ல உக்காந்துதான் சோறு துன்றேன்."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். கூடையோடு வருகிற இன்னொருத்தி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் வந்தான். டீக்கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பார்த்தவனின் தம்பி வரவில்லை, ஆனால் போகவும் இல்லை. ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனை அறிக்கை, எத்தனை மேடை, எத்தனை தடியடி. அவற்றில் ஒன்றுக்கும் அசையாத கால்கள், கொட்டை பொறுக்கிய பழக்கத்தில் அசைந்துவிட்டன. அவர் நெஞ்சுக்குள் ஏறியது சந்தோஷம் இல்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு டீக்கடைக்காரரை உட்கார வைத்து, மைப்பெட்டியை அவரே எடுத்துப் பிடித்தார்.

"யோசிச்சுக்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் எல்லம்மாளிடம், குரலைத் தாழ்த்தி. "கேஸ் நிக்குமான்னு தெரியாது, மணியக்காரர் வயசுக்குக் கோர்ட்டுக்கே வரமாட்டாரு. ஆனா பேரைப் படிச்சுட்டா நீ இன்னிலேருந்து தாலி அறுத்தவ. இந்த வயசுல எதுக்கு?"

எல்லம்மாள் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள். "இது அவரு கட்டினது. அறுக்க மாட்டேன். நீங்க படிங்க."

மேலே சன்னலைச் சாத்த யாரோ முயலும் சத்தம் கேட்டது. கிளை உள்ளே நுழைந்து வெகுநாளாயிற்று, கதவு மரத்தில் இடித்து இடித்துத் திரும்பியது. போலீஸ் ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிக்கையை வாய்க்குள்ளேயே வாசிக்கத் தொடங்கினார்.

"சத்தமா," என்றாள் எல்லம்மாள்.

ரைட்டர் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் தலையசைத்தார். ரைட்டர் எழுந்து நின்று, பஞ்சாயத்தார் அனைவரும் கேட்க, மாடியும் கேட்க, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார்:

"இறந்துபோனவர் பெயர் தாண்டவராயன். தகப்பனார் பெயர் சின்னப்பையன். ஊர், இலந்தமந்தல்."